ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது

“இன்னிக்கு ஒரு ஆள்கூட எந்திரிச்சுப் போகக் கூடாதுண்ணே. போனா நான் பாடுறதையே விட்டுடறேன்,” என்றாள் ஷாரோன்.

லாரியின் பின்பக்கம், டிரம்ஸுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் சகாயராஜ், கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு யாங்கூனின் தாமுவே சந்தை நெரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றே பேர் கொண்ட இசைக்குழு அது. பாட்டுக்கு ஷாரோன், கீபோர்டுக்கு அண்ணன், டிரம்ஸுக்கு டேனி. போட்டிருந்த மெரூன் கோட்டுகள் லைங் தாயா தையல் ஃபேக்டரி ஒன்று கழித்துப் போட்டவை. மூன்று கோட்டுக்கும் இடது கை மட்டும் நாலு விரற்கடை அதிக நீளம்.

ஒரு வருடமாக பேட்டை பேட்டையாகப் போய்க் கல்யாண வரவேற்புகளில் பாடுகிறார்கள். இன்சீனில் பாடினார்கள், லைங் தாயாவில் பாடினார்கள். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். விருந்தாளிகள் கேக்கும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டு முடித்து, ஆற அமர ஊர்க்கதை பேசும் நேரத்தில்தான் இவர்களை மேடையேற்றுவார்கள். முதல் பாட்டில் பெரியவர்கள் கைப்பையைத் தேடுவார்கள். இரண்டாவது பாட்டில் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். மூன்றாவது பாட்டு முடியும்போது கைதட்ட மாப்பிள்ளை பெண்கூட இருக்க மாட்டார்கள்.

“அந்த ஸ்பீக்கர் கீச்சுக் கீச்சுன்னு கத்துது. மாத்துண்ணேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“அது இருக்கட்டும். நீ எப்பவும் போலப் பாடு, போதும்.”

“எப்பவும் போலப் பாடித்தான் எல்லாரும் ஓடுறாங்க.”

“மேனேஜர் கோ பிரேம்நாத் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்காரா?”

“அவருக்கு ஆனாடெ. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்வாரு?”

அது என்னவோ உண்மைதான். அடுத்தவர் முகம் வாடும்படி எதையும் சொல்ல வாய் வராத குணம்தான் ஆனாடெ. ஆணுக்குக் ‘கோ’, பெண்ணுக்கு ‘மா’ என்று மரியாதை போட்டே கூப்பிடும் யாங்கூனில் பிறந்தவர்களுக்கு, தமிழரோ பர்மியரோ, கொஞ்சமாவது இருக்கும். இவர்கள் பாடும் மூன்று மண்டபங்களுக்கும் மேனேஜரான பிரேம்நாத்துக்குக் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த வாரம் புத்த நோன்பு தொடங்குகிறது. மூன்று மாதத்துக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது. நோன்பு முடிந்ததும் வரும் சீசன் முழுவதையும் இவர்களுக்கே தருவதா, வேண்டாமா என்று இன்றைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். தையல் ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு வந்தவள் ஷாரோன். மறுபடி அங்கே போய் சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க அவள் தயாராக இல்லை.

மூன்றரை மணிக்குத் தாமுவே மண்டபத்தில் மேடையேறினார்கள். மண்டபம் நிறையக் கூட்டம். முதல் பாட்டிலேயே ஸ்பீக்கர் கீச்சிட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைப்பையை எடுத்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவே கரண்டு போய்விட்டது. கீபோர்டு ஊமையானது. மைக் செத்தது. மண்டபத்து ஜெனரேட்டரோ இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“இறங்கிடலாமாக்கா?” என்றான் டேனி.

“இறங்கத்தான் போறேன். நீயும் வா,” என்ற ஷாரோன், மேடையிலிருந்து இறங்கி நேராக நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்றாள். கோட்டின் நீளமான இடது கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். சம்பந்திகளைக் கிண்டல் செய்யும் பாட்டு ஒன்றைப் பாதி தமிழிலும் பாதி பர்மிய மொழியிலும் எடுத்துவிட்டாள். டேனி ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினான்.

எழுந்த கைப்பைக்காரப் பெரியவர் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அத்தைமார் இரண்டு பேர் கைதட்டத் தொடங்கினார்கள். வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஷாரோன் இன்னும் குரலை உயர்த்தினாள்.

“ஷாரோன், போதும்,” என்று அண்ணன் வந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

கோ பிரேம்நாத் கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். நேரம் இருக்கிறது, பாடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனாள். வெளியிலிருந்தும் ஆட்கள் பட்டுடுத்திக்கொண்டு வந்து சுவரோரம் நின்று கேட்டார்கள். இன்னொரு கல்யாணப் பெண்கூடப் பூச்செண்டோடு வாசலில் வந்து நின்றாள். இதைவிட ஒரு பாடகிக்கு வேறென்ன வேண்டும்?

கைவசமிருந்த பன்னிரண்டு பாட்டையும் முடித்தபோது மணி ஐந்து. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

கோ பிரேம்நாத் வேர்த்து வடிய வந்தார். “மா ஷாரோன், நீங்க இவ்ளோ நல்லாப் பாடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல,” என்றார் தரையைப் பார்த்து.

“அப்ப சீசன் எங்களுக்குத்தானே?”

அவர் சகாயராஜைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டார்.

“என்னண்ணே, ஒண்ணும் சொல்லாமப் போறாரு?”

சகாயராஜ் கீபோர்டை உறையில் போட்டு மூடினான். “இங்க நாலு மணிக்கு அடுத்த கல்யாணம் ஷாரோன். தின்னுட்டு உக்காந்திருக்கிறவங்கள எந்திரிங்கன்னு சொல்ல அவருக்கு ஆனாடெ. நம்ம பாட்டக் கேட்டாத் தானா கிளம்பிடுவாங்கன்னுதான் எல்லா மண்டபத்துலயும் கடைசியா நம்மள மேடையேத்துறாரு.”

ஷாரோன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இத ஒரு வருஷமா ஏண்ணே என்கிட்டச் சொல்லல?”

அவன் தன் கோட்டின் நீளமான கையை மெல்ல மடித்தான்.

“எனக்கும் ஆனாடெதான்.”