மேசைமேல் கலிப்போலி

என்னுடைய மூன்று படகுகள் கரை தட்டிவிட்டன. ஹஸ்மி இன்னும் சுடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என் கணவர். அவர் சுட்டால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. கிட்ட வரவிட்டுச் சுடுவது அவருடைய பழக்கம். போன முறை என் ஆட்கள் மணலில் கால் வைத்த பிறகுதான் தொடங்கினார். ஒரே சுற்றில் பாதிப் படை போய்விட்டது.

மேசையில் இருப்பது முதலாம் உலகப் போரின் கலிப்போலிக் கரை. விரித்த நீலத் தறப்பாள்தான் கடல். அலை நுரைக்கு உப்பு. மணல் மட்டும் அசல், வாசலில் அள்ளியது. நாங்கள் இருக்கும் ஆலங்குடாவில் மணலுக்கா பஞ்சம். பழைய போர்வைக்குக் கீழே துணியைத் திணித்து மலையாக்கியிருக்கிறோம். நகமளவு சிப்பாய்கள், அவர் வேலை செய்யும் விடுதியில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் விளையாட்டு விதிகளோடு விட்டுப் போனவை.

மலையெங்கும் கவிழ்ந்து கிடக்கும் சோடா மூடிகள் துருக்கியரின் பதுங்குகுழிகள். எதற்குள் ஆள் இருக்கிறான், எது வெறும் மூடி என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஏறிப் போய்த் தொட்ட பிறகுதான் நான் திறந்து பார்க்கலாம். உச்சி மூடியைப் பிடித்தால் வெற்றி எனக்கு.

துருக்கிப் படை எப்போதும் அவருக்கு. முஸ்லிம்களை எதிர்த்து இறங்கும் பாவம் எப்போதும் எனக்கு.

உண்மையில் அன்று இறங்கியவர்கள் தோற்றார்கள். மாதக்கணக்கில் அந்தக் கரையிலேயே கிடந்துவிட்டுக் கப்பலேறிப் போனார்கள்.

"அவங்க தோத்ததை நீ வெண்டு காட்டு. எருக்கலம்பிட்டிக்குப் போய் இருப்பம்," என்று பந்தயம் கட்டியிருந்தார். பந்தயம் ஹறாம் என்று மற்ற நாளெல்லாம் எனக்குப் பாடம் நடத்துகிற மனிதர்.

எருக்கலம்பிட்டி எங்கள் இருவருக்கும் ஊர். தொண்ணூறில் இயக்கம் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது, நாங்களும் வள்ளத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்தோம். சண்டை முடிந்ததும் என் உம்மா திரும்பிப் போய்விட்டார். அரைச்சுவர் வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலியோடு கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் அவருக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்பார் ஹஸ்மி. போய் வருவது வேறு, போய் இருப்பது வேறு. எனக்கு உம்மாவோடு இருக்க வேண்டும். இவரும் கூட இருக்க வேண்டும்.

அந்த மண்ணை இனி மிதிப்பதில்லை என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தவர் இவர். விரட்டிய அன்று கடற்கரையில் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றவன் பள்ளிக்கூடத்தில் இவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனாம். அவன் பெயரை இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அழுது பார்த்தேன். கதைக்காமலும் இருந்து பார்த்தேன். இன்று வென்றே தீருவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாயக்கட்டையை உருட்டினேன். நீரோட்டம் பின்னால் வந்த இரண்டு படகுகளை இழுத்துக்கொண்டு போனது. போகட்டும். மீதியை இறக்கினேன்.

கப்பல் குண்டுகளையெல்லாம் கீழ்வரிசை மூடிகள்மேல் கொட்டிவிட்டு ஒன்றைத் திறந்தேன். ஆள் இல்லை. பக்கத்து மூடியிலும் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. எல்லாரையும் மேலே குவித்து வைத்திருக்கிறார், கள்ளன்.

படையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைப் போர்வையின் மடிப்புக்குள் மறைத்து மறைத்து ஏற்றினேன். மறு பாதியை வேண்டுமென்றே வெளியில் நிறுத்தினேன்.

"சுடுங்களன் பாப்பம்," என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கட்டிய கை கட்டியபடியே இருந்தது.

நடுவரிசையிலும் ஆள் இல்லை. உச்சியைத் தொட ஆறு விழ வேண்டும். விழவில்லை. திரும்பவும் உருட்டினேன், விழவில்லை. இந்த இடைவெளியில் அவர் சுட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவர் தன் முறைகளை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி உருட்டினேன். ஆறு.

கடைசி மூடியைத் திறந்தேன். அதற்குள்ளும் யாரும் இல்லை.

நான் எழுந்து சிப்பாய்கள் வைக்கும் பெட்டியைப் பார்த்தேன். துருக்கிப் படை முழுவதும் உள்ளேயே கிடந்தது. ஒருவனைக்கூட அவர் வெளியே எடுக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆளில்லாத மலையில் இவ்வளவு நேரமும் என்னை ஏறவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். விளையாட்டில் விட்டுக்கொடுத்தவர் நாளைக்கு விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் நான் என்ன செய்வது? உம்மாவுக்கு என்ன சொல்வது?

"சத்தியம் பண்ணின ஆள் நீங்க. நாளைக்கு மாறிக் கதைப்பீங்க," என்றேன்.

அவர் சோடா மூடிகளைப் பொறுக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாற ஏலா, புள்ள. கனமூலைப் பள்ளிவாசல்ல பத்துப் பேருக்குச் சோறு குடுத்தாச்சு."

சத்தியத்தை முறிப்பவர் அதற்கு ஈடாகப் பத்து ஏழைகளுக்கு உணவு கொடுக்க வேண்டும். எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மார்க்கம் அது.

"எப்ப குடுத்தீங்க?"

"போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு."

என்னோடு அவர் பந்தயம் கட்டியது அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை.