குச்சித் தேர்வு

“இது என்னடா கண்ணா?”

மேசைமேல் கிடந்த காய்ந்த குச்சியை எடுத்து நீட்டினாள் டீச்சர்.

“குதிரை, வாள், புல்லாங்குழல், துடுப்பு, மந்திரக்கோல்” என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான் பையன். “அவ்ளோதான் மிஸ்.”

“சரி, அந்தக் குதிரையில ஏறி ஒரு சுத்து ஓட்டிக் காட்டு பாப்போம்.”

பையன் திருதிருவென்று விழித்தான். “அது கேள்வியிலயே இல்லையே மிஸ்!”

இவன் இருபத்தொன்பதாவது பிள்ளை. காலையிலிருந்து இதே ஐந்து பதில், இதே வரிசை. ஒரு பிள்ளையாவது துடுப்பை வாளுக்கு முன்னால் சொல்லித் தொலைக்கக் கூடாதா! ஒன்றாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளைகளிடம் எழுத்தும் எண்ணும் கேட்காதீர்கள், தெருவில் விளையாடிய பிள்ளை எது என்று ஒரு குச்சியே சொல்லிவிடும் என்று சண்டை போட்டு இந்தத் தேர்வைக் கொண்டுவந்தவளே அவள்தான். அடுத்த தெருவில் அதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு திறந்துவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்த தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. மைதானத்துல பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க? வரிசையா நின்னுக்கிட்டு, ‘என்ன விளையாடணும் மிஸ்?’னு கேக்குதுங்க. அதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய இடம்? அங்க ஒரு அரங்கமாவது கட்டலாம்.”

“பத்து நிமிஷ இடைவேளையில விளையாட்டு எப்படி சார் வரும்? மண்ணுல புரளவிட்டு, நாம வாயை மூடிக்கிட்டு இருந்தா, குச்சி தானா குதிரையாகும்.”

“அதான் ஒத்துக்கிட்டேனே! இன்னைக்கு வர்ற முப்பதுல ஒண்ணே ஒண்ணு சொந்தமா கற்பனை பண்ணட்டும், மைதானத்தைத் தொடமாட்டேன். இல்லேன்னா நாளைக்கு வேலை ஆரம்பம்.”

மண் அள்ளும் வண்டி ஏற்கனவே கேட்டருகே வந்து நின்றிருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மைதானத்துக்காக மல்லுக்கட்டியவள் பட்டியலில் மீதமிருந்த ஒரே பெயரைப் பார்த்தாள்.

கடைசியாக ஒரு சிறுமி உள்ளே வந்தாள்.

“எம் பொண்ணை எந்தப் பயிற்சிக்கும் அனுப்பலைங்க மேடம்” என்று வாசலில் நின்றே சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார் அப்பா.

“இது என்னம்மா?”

சிறுமி குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. பிறகு ஜன்னல் வழியே மைதானத்தையே வெறித்தாள்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “பாருங்க சார்! இவ ஒப்பிக்கல. வேற எங்கேயோ போயிட்டா!”

தாளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அட, ஆமாம்மா. நான் தோத்துட்டேன் போல.”

டீச்சர் சிறுமியின் முன்னால் மண்டியிட்டாள்.

“அவசரமே இல்லடா செல்லம். உனக்கு என்ன தெரியுது? மெதுவா சொல்லு.”

சிறுமியின் கண்ணில் நீர் முட்டியது.

“கல்லு, கயிறு, அட்டைப்பெட்டி எல்லாம் எனக்கு நல்லா வரும் மிஸ். கிளாஸ்ல குச்சி நடத்தின அன்னிக்குத்தான் காய்ச்சல்னு நான் லீவு.”