காலிக் குழி

வீட்டுக்கு யார் வந்தாலும் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரியவர் அடுக்கியிருந்த பழங்காசுகளைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் காலிக் குழியைத்தான் கேட்பார்கள்.

"இது ஏன் சும்மா இருக்கு?"

கேட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு காசுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய கதையைத் தொடங்கிவிடுவார். அவர் மனைவி போட்ட டீ ஆறிப்போகும்.

அன்று ஊரிலிருந்து வந்த மருமகன், அதே காசை வாங்கி வந்து குழியில் பதித்தே விட்டார்.

"உங்க குறை தீர்ந்துச்சு மாமா. மத்ததும் லேசா ஆடிச்சு. எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டிட்டேன்."

மாப்பிள்ளையிடம் என்ன சொல்ல முடியும்?

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்குச் சிரமம்" என்று சிரித்துவைத்தார். மருமகன் அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டத்தைத் திறந்து ஓரத்துக் காசு ஒன்றை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார்.

"அட, கிடைச்சிடுச்சா? எப்படிங்க?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே..."

பெரியவர் எழுந்து உள்ளே போனார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து துணியை விலக்கினார். அங்கே இன்னொன்று இருந்தது, அதே காசு. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன்பே கிடைத்தது.

குழியை நிரப்பிவிட்டால் அப்புறம் யார் கேட்பார்கள் என்றுதான் வைக்காமல் இருந்தார்.