பதுக்கல்காரன்

"கெட்டவங்க மூஞ்சி எப்படிம்மா இருக்கும்?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது டீச்சர் பேச்சை மாற்றிவிட்டாள். இன்று கேட்டிருந்தால், பக்கத்தில் நின்றவனைக் கைநீட்டிக் காட்டியிருப்பாள்.

"இருக்கிற ஃபிலிம் அத்தனையும் எடுங்க" என்றான் அவன், போட்டோ கடையின் கண்ணாடி மேசைமேல் சாய்ந்துகொண்டு. மேலெல்லாம் வியர்வை வாடை. தோளில் அழுக்குப் பை. கழுவினாலும் போகாது போலக் கறுத்துக்கிடந்த விரல்நுனிகள்.

அந்த விரல்களால் ஒவ்வொரு டப்பாவையும் புரட்டி, அடியில் இருந்த எண்ணைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். பிறகு பைக்குள் போட்டான். டீச்சர் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"என்னண்ணே, கடையையே காலி பண்றீங்க? மத்தவங்களுக்கு வேணாமா?" என்று சிரித்தார் கடைக்காரர். "கொஞ்சம் இருங்க டீச்சர்" என்று இவளிடம் சொல்லிவிட்டு, சிரித்தபடியே விலையை ஏற்றியும் சொன்னார். அவன் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தான்.

ஃபிலிம் செய்வதையே எல்லோரும் கைகழுவிப் பல காலம் ஆகிவிட்டது. மூடிக்கிடந்த தொழிற்சாலை ஒன்றை யார் யாரோ பாடுபட்டு இப்போதுதான் மறுபடி திறந்திருந்தார்கள். அங்கிருந்து வருகிற கொஞ்சநஞ்சமும் இப்படிப்பட்ட கைகளுக்குத்தான் போகிறது. டீச்சர் கடைகடையாக ஏறி இறங்கி அலுத்துப்போனாள். கடைக்காரரின் பெண்ணுக்கு அவள் பாடம் சொல்லிக்கொடுப்பதால் இன்று ஒரே ஒரு ரோல் கிடைத்தது.

அவளுடைய அம்மாவுக்கு நாளைக் காலையில் இதய ஆபரேஷன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "போறதுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்துடு. செல்போன்ல வேணாம், பத்து எடுத்து ஒம்பதை அழிச்சுடுவ. உங்கப்பாவோட கேமராவுல எடு. அதுல எப்படி விழறேனோ அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று அம்மா கேட்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடி வேற யாராவது இதை வாங்கினாங்களா? வீடு எங்கன்னு தெரியுமா?" என்றான் அவன்.

வீடு தேடிப் போய்ப் பிடுங்குவானா? டீச்சர் சட்டென்று டப்பாவைக் கைப்பைக்குள் தள்ளி, கடைக்காரரைக் கெஞ்சும் கண்ணால் பார்த்தாள். அவர் புரிந்துகொண்டார். "யாரும் வாங்கலண்ணே. நீங்கதான் முதல் போணி."

அவன் போகிறவரை காத்திருந்துவிட்டு, "வரேங்க" என்று கிளம்பினாள். "பாத்துப் போங்க டீச்சர்" என்றார் கடைக்காரர்.

கடையை ஒட்டிய சந்துக்குள் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். குப்பைத் தொட்டி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரோல் ரோலாக எடுத்துச் சுள்ளென்ற வெயிலில் ஃபிலிமைச் சரசரவென்று உருவிக்கொண்டிருந்தான் அவன். ஒருமுறை வெளிச்சம் பட்டால் போதும், அத்தனையும் பாழ். காலடியில் பழுப்புச் சுருள்கள் குடல்போலக் குவிந்து கிடந்தன.

"யோவ்! உனக்குப் பைத்தியமா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அப்படியே குப்பையில போட்டா எவனாவது பொறுக்கி வித்துடுவான், அதான்..."

"ஓஹோ! கடையில இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டு, வீட்டுல பதுக்கினதை யானை விலைக்கு விப்பியாக்கும்? சீ! நீ சாப்பிடறது சோறுதானா? ஒரு ரோலுக்கு நான் நாயா அலைஞ்சிருக்கேன்!" ஆத்திரத்தில் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

காட்டியிருக்கக் கூடாது. அவன் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. எழுந்து கிட்டே வந்தான்.

"டீச்சர், அதையும் எங்கிட்ட குடுத்துடுங்க."

"தொட்ட, கத்திடுவேன்!"

"எவ்வளவு வேணாலும் தரேன்."

"உன் காசுல நெருப்பை வை! நாளைக்கு எங்கம்மாவை ஆபரேஷனுக்கு அழைச்சுட்டுப் போறாங்க. திரும்பி வருவாளோ, மாட்டாளோ. இன்னிக்குச் சாயங்காலம் அவளை இதுலதான் எடுக்கப்போறேன். இதையும் பிடுங்கிக்கிட்டாத்தான் உன் வயிறு நிறையுமா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டு, லேபிள்கூட ஒட்டாத ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து நீட்டினான். "அப்ப இதை வாங்கிக்கங்க. இது நல்ல ரோல். அதை மட்டும் குடுத்துடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"போலியைக் குடுத்து அசலைத் தட்டிக்கிட்டுப் போகப் பாக்கறியா? கடவுளே, இவனை நீயே பார்த்துக்கோ!" அவன் காலில் தெறிக்கக் காறித் துப்பினாள். பிறகு, தானா இப்படிச் செய்தோம் என்று அவளுக்கே கூசியது.

அவன் துடைத்துக்கொள்ளவுமில்லை, விலகவுமில்லை. சந்தில் வேறு யாரும் இல்லை. கறுத்த கைகளைக் கூப்பி, தலைகுனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அந்த ரோல்ல உங்கம்மா படம் விழாது டீச்சர்... ஃபாக்டரில அதுக்கு மருந்தைத் தப்பாப் பூசினவன் நான்தான்."