சொல்லக்கூடிய காய்ச்சல்

“யக்கா, விரலைக் காட்டுங்க. ஒரே ஒரு சொட்டு,” என்றார் மாநகராட்சி மலேரியா ஊழியர் தாவீது.

வெண்ணிலா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அனகாபுத்தூரின் அந்தச் சந்தில் எல்லோரும் விரலை நீட்டியாயிற்று. எதிர்வீட்டுக் கைக்குழந்தைகூடக் குத்து வாங்கி வீறிட்டு ஓய்ந்துவிட்டது. மலேரியாவில் செத்தவன் வீட்டில்தான் பாக்கி.

வெண்ணிலாவின் புருஷன் தசரதனுக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலேரியா என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்ததே, அந்த மட்டுக்கும் அவன் புண்ணியம் செய்தவன். தெருவே கூடி அழுதது. சாக்கடையைத் திட்டியது, ஆற்றைத் திட்டியது.

சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. இருவருக்கும் எச்.ஐ.வி. அதற்கான மாத்திரைகளைச் சத்து மாத்திரை என்று சொல்லித்தான் இந்த வீட்டில் விழுங்கினார்கள். மாமியார் அஞ்சம்மாள் நம்பினாள். சந்தில் பாதி வீடுகள் அவளுக்குச் சொந்தம், ஊரில் மதிப்பும் அப்படி.

பட்ட காலிலே படும் என்பார்கள்; அந்த உடம்பில்தான் தசரதனுக்கு மலேரியாவும் வந்தது. அவன் போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் வெண்ணிலாவை மட்டும் தனியே கூப்பிட்டு, “இந்த மாதிரி உடம்புல மலேரியா வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதும்மா. முதல் காய்ச்சல்லயே ரத்தம் பாத்திருந்தா பிழைச்சிருப்பார்,” என்றார்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தையல் கம்பெனி ஷிப்டு ஷிப்டு என்று ஓடி, புருஷனைக் கவனிக்காமல் கொன்றுவிட்டோம் என்று மனதுக்குள் தன்னையே அறுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றிலிருந்து அவளுக்கும் குளிர்க் காய்ச்சல். ரத்தம் கொடுத்தால் உயிர் தப்பும். ஆனால் தாவீது கையிலிருந்த கண்ணாடித் துண்டில் விழும் சொட்டு மலேரியாவோடு நிறுத்திக்கொள்ளுமா? மாமியாருக்குத் தெரிந்தால் இந்த வாசல் அடைபட்டுவிடும். போக வேறு வாசல் அவளுக்கு இல்லை.

“மலேரியா மட்டுந்தான்க்கா பாப்போம், பயப்படாதீங்க. வூட்ல யாருக்காச்சும் காய்ச்சலா?”

குளிர் நடுக்கம் வெளியே தெரியாமலிருக்க வெண்ணிலா பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அஞ்சம்மாள் வந்தாள்.

“யாருக்கும் ஒண்ணும் இல்லப்பா. சாவு வூட்டுல வந்து ரத்தம் கேக்குறியே, போ.”

தாவீது தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். வெண்ணிலாவுக்கு மாமியார் காலில் விழலாம்போல இருந்தது.

அஞ்சம்மாள் கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

“நீயா குடுக்காம நின்னியே, நல்ல காரியம் பண்ணே. நீங்க ரெண்டு பேரும் இன்னா மாத்திரை முழுங்கினீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கும் இதே ஆளுதான் வந்தான். நீ கம்பெனிக்குப் போயிருந்தே. யாருக்கும் ஒண்ணும் இல்லேன்னு இப்டித்தான் சொல்லித் திருப்பி அனுப்பிச்சேன். கடைசி வரைக்கும் எம் புள்ள மானத்தோட போனான்.”

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைக் கரைசேர்த்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

டாக்டர் சொன்னதைச் சொல்ல வெண்ணிலா வாயெடுத்தாள். பற்கள் தந்தியடித்தன.

“பேசாதே, படு,” என்றாள் அஞ்சம்மாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மகனுக்குப் போர்த்திய கம்பளியைக் கொண்டுவந்து மருமகளைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.