பதினாலு பாட்டு

"இப்ப உள்ள போகாதீங்க சார். ஜனங்க உங்களைப் பார்த்தா படத்தை விட்டுட்டு உங்க மேலயே விழுந்துடுவாங்க."

தாம்பரம் தியேட்டரின் மேனேஜர் தாமோதரன் கதவை மறித்துக்கொண்டு நின்றார். பாடகர் யக்ஞநாராயணன் ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி பெருமையாகத் தலையாட்டினார். பத்துப் பேர் விழுந்தால் தாங்குகிற உடம்பும் இல்லை அது.

முப்பது வருஷம் சபாக்களில் பாடியவர். அறுபதாவது வயதில் என்ன தோன்றியதோ, சங்கீதமும் சிரிப்புமாக ஒரு படம் எடுத்து, பதினாலு பாட்டையும் தானே பாடி, காமெடியனாகவும் தானே நடித்துவிட்டார். பாட்டில் அவருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. சிரிப்பு விஷயத்தில்தான் பயம்.

"உங்க ஜோக்குக்கு நம்மாத்துப் பூனைகூடச் சிரிக்காது. படம் ஊத்திண்டா அப்புறம் சினிமாங்கிற பேச்சையே எடுக்கப்படாது" என்று சிட்லபாக்கம் வீட்டில் மனைவி அபிதகுஜாம்பாள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

உள்ளே கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது போல ஒரு சிரிப்புச் சத்தம்.

யக்ஞநாராயணன் செல்போனை எடுத்தார். "அபிதா, கேட்டியோ? மூணாவது வாரம்! தினம் அஞ்சு ஷோ, அஞ்சும் ஹவுஸ்ஃபுல்! என் காமெடிக்கு எப்படிச் சிரிக்கறா பாரு. அடுத்த படம் முழுநீளக் காமெடி. பாட்டே கிடையாது!"

மறுமுனையில் "பேஷ்!" என்று ஒரு பாராட்டு. கல்யாணமான நாளிலிருந்து இது முதல் தடவை.

வாசலில் படத்தின் பாட்டு சிடி விற்கிற மேஜையில் நல்ல கூட்டம். மீன் கூடையைக் கீழே இறக்கிவைத்த ஓர் அம்மாள், "ரெண்டு சிடி குடுப்பா. நேத்து படம் பாத்தேன், வவுறு இன்னும் வலிக்குது" என்றாள்.

யக்ஞநாராயணனுக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, இதுல வெறும் பாட்டுதான் இருக்கு. காமெடி கிடையாது."

"அதான் சாமி வோணும்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்க வந்த ஜனங்களைக்கூடத் தன் பாட்டு கட்டிப் போட்டுவிட்டதே! அந்தச் சந்தோஷத்தில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார்.

"தாமோதரன், மூணு மணி நேரம் ரொம்ப நீளம்னு பேப்பர்ல எழுதியிருந்தான். மனசைக் கல்லாக்கிண்டுட்டேன். பதினாலு பாட்டையும் வெட்டிடுங்கோ. அதைத்தான் சிடியில கேட்டுக்கறாளே. தியேட்டர்ல காமெடி மட்டும் ஓடட்டும்."

தாமோதரனுக்குக் குப்பென்று வியர்த்தது. "சார்... நல்லா ஓடுற படத்துல எதுக்குக் கை வைக்கணும்?"

"எனக்கும் வலிக்கத்தான் வலிக்கறது. அதுக்காகப் பார்க்க முடியுமா? ஆபரேட்டரைக் கூப்பிடுங்கோ."

ஆபரேட்டர் சவுரிமுத்து மாடிப்படியில் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். மேனேஜர் கண்ணைக் காட்டியதை அவன் கவனிக்கவே இல்லை.

"பாட்டை வெட்டிட்டு இன்னாத்த சார் ஓட்டுறது? ஒருத்தன்கூட சிரிக்கலன்னு காமெடி மொத்தத்தையும் மொத நாளே வெட்டிக் கடாசிட்டோம். மூணு வாரமா உங்க பாட்டு மட்டுந்தான் சார் ஓடிக்கினு கீது!"