பத்தாவது ஆணி

கல்லூரி டென்னிஸ் கோச் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவரைக் காட்டினார். ஒன்பது வருஷம், ஒன்பது கோப்பை, ஒன்பது சாம்பியன்களின் படம். பக்கத்தில் படமில்லாமல் ஓர் ஆணி.

"அது உங்க பொண்ணுக்குத்தான் சார். தினம் முந்நூறு சர்வீஸ் போடவைப்பேன். வலிக்குதுன்னு வெளியில மூச்சு விட்டா, டீம்ல இடம் கிடையாது."

மகளைச் சேர்க்க வந்தவர் கோப்பைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாக நின்று பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இப்போ குழந்தையை இடது கையாலதான் தூக்குது. இந்தப் பையனால தானா சட்டை மாட்டிக்க முடியலை."

கோச் படங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படி...?"

வந்தவர் மேஜையிலிருந்த மகளின் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவங்க ஒன்பது பேர் தோளுக்கும் ஆபரேஷன் பண்ணின டாக்டர் நான். அத்தனை பேரும் மாடிப்படியில விழுந்துட்டேன்னுதான் சொன்னாங்க. அது எந்தப் படின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."